குடை, ஆணி, மாடு, சட்டி, நிலா

எங்கள் ஆஸ்பத்திரிப் பிரிவில் பத்து அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து வார்த்தைகள். தலையில் அடிபட்ட குழந்தைக்கு அவற்றைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்வோம். மற்ற சோதனைகளை முடித்துவிட்டு, கடைசியில் மறுபடியும் அதே ஐந்தைக் கேட்போம். எந்தக் குழந்தைக்கு எந்த அட்டை என்பதை இனிமேல் டேப்லெட்டே குலுக்கிப் போட்டுத் தருமாம். அந்த டேப்லெட் வந்த வாரத்தில்தான் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் ஆதிரா மனோதத்துவம் படித்த மலையாளிப் பெண். என் பையைக் காலி செய்து அடுக்கிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “அண்ணா, மத்த இடத்திலெல்லாம் மூணு, நாலு லிஸ்ட்தான். நம்மகிட்ட மட்டும் எந்தினா, எதுக்குப் பத்து?”

“ஒண்ணே போதும்னு ஒருத்தன் நெனச்சுப்போட்டானுங்க. அதனாலதான்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சொன்ன விதம் அப்படி. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினொரு வருடத்தில் அது கேட்டுச் சிரிக்கிற விஷயமாகிவிட்டதா? மேற்கொண்டு வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுதுவது இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி. வீட்டில் நெல் வயல் இருந்தது, அண்ணன்மார் இருந்தார்கள், நான் அவசியப்படவில்லை. ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். லாரி கிளீனர், செங்கல் சூளை, மலைமேல் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு போடும் வேலை, சீசனுக்கு முதலமடையில் மாங்காய் லோடு என்று சுற்றினேன். மஞ்சள் காமாலை வந்து ஒரு மழைக்காலம் முழுக்க வைக்கோல் கொட்டகையில் படுத்துக் கிடந்ததும் உண்டு. அதையெல்லாம் கஷ்டம் என்று அப்போது நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

முதலமடையில் ஒரு மத்தியானம், மாந்தோப்புக் காவல்காரர் மகள் லாரியின் பின்பலகையிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். ஏழு வயது. டூவீலரில் எனக்கும் ஓட்டியவனுக்கும் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாலம் இருந்தார். குழந்தைகளின் மூளை, நரம்பு பார்க்கிறவர். பாலக்காட்டு அக்கிரகாரத் தெருக்காரர், ஒல்லியான உருவம், சத்தம் போடாத குரல்.

“என்ன நடந்தது?”

சொன்னேன். எந்தப் பக்கம் விழுந்தாள், எழுந்ததும் முதலில் என்ன கேட்டாள், அதையே எத்தனை தடவை திருப்பிக் கேட்டாள், எந்த வளைவில் வாந்தி எடுத்தாள். தூங்கிவிடக் கூடாதே என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்ததையும் சொன்னேன்.

“தட்டினேளா? அடிபட்ட தலையையா?” என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்தவர், “தட்டினது தப்பு. ஆனா இவ்வளவு வரிசையா எங்கிட்ட யாரும் சொன்னதில்லை. உங்களுக்கு இப்போ என்ன வேலை?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு மாங்காய்ங்க.”

அடுத்த வாரம் அவருடைய ஆய்வில் சேர்ந்தேன். தலையில் அடிபட்டு வீடு திரும்பிய குழந்தைகளைத் தேடிப்போய்ப் பார்த்துவர அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. படித்த பையன்கள் இரண்டு பேர் நடக்க முடியாமல் ஓடிப்போயிருந்தார்கள். எனக்கு நடக்கத்தான் தெரியும்.

பயிற்சி மூன்று மாதம். அதில் நான் கற்றதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். சோதிக்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் அதைவிடத் தாழ்ந்த முக்காலியில் உட்காருவார். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தால், “உங்களையும் கேப்பேன், கொஞ்சம் பொறுங்கோ” என்பார். தலைவலி, வாந்தி, தூக்கம், வெளிச்சத்தில் கூச்சம், போர்டில் எழுத்து ஆடுகிறதா என்று கேட்பார். பிறகு ஐந்து வார்த்தைகள், மூன்று தடவை. பிறகு எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடி நிற்க வேண்டும். கடைசியில் மறுபடி அந்த ஐந்து.

“மூளை அதிர்ந்ததுக்கு ஸ்கேன்ல பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. நாம கேக்கற கேள்விதான் நமக்கு ஸ்கேன். அதனால கேள்வியிலே கள்ளம் கூடாது” என்பார். அவர் எங்கள் பிரிவில் ஒரு சொல்லைத் தடை செய்திருந்தார். ‘ஒண்ணுமில்ல’ என்று யாரும் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. பார்த்ததைச் சொல், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல், அவ்வளவுதான்.

முதல் அட்டையின் ஐந்து வார்த்தைகளைத் தேர்ந்தெடுக்கவே ஆறு மாதம் பிடித்தது. சமவெளிக் குழந்தைக்கும் மலைக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பழகிய சொல்லாக இருக்க வேண்டும். ‘ரயில்’ என்று வைத்தோம். மலையில் ரயிலே கிடையாது. ‘பனை’ என்று வைத்தோம். ஏலத்தோட்டத்துப் பிள்ளைகள் விழித்தார்கள். கடைசியில் நின்றவை குடை, ஆணி, மாடு, சட்டி, நிலா. “ஒரு நொடிக்கு ஒரு வார்த்தை. ராகம் போடாதீங்கோ. ராகம் வந்தா மூளை வேலை செய்யாது, நாக்கு வேலை செஞ்சுடும்” என்றார் டாக்டர். பிறகு இன்னும் இரண்டு அட்டைகள் தயாரித்தோம். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். படிவத்தில் அட்டை எண்ணுக்கென்று ஒரு கட்டம் உண்டு.

முதலமடைப் பக்கம் மாமரத்திலிருந்தும் டூவீலரிலிருந்தும் விழுந்த குழந்தைகள். உடும்பஞ்சோலைப் பக்கம் ஜீப். தோட்டத்து ஜீப்பில் ஏறினவர்களுக்குத் தெரியும். உள்ளே பதினைந்து பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேர், ஒவ்வொரு குழிக்கும் மேற்கம்பியில் ஒரு தலையாவது இடிக்கும். மாதம் ஒரு முறை பொள்ளாச்சி, தேனி, போடி வழியாகப் பஸ் மாறி மாறி மலையேறுவேன். என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் கிடையாது.

தோட்டத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் வாசலில் வைத்துத்தான் சோதிப்பேன். பிள்ளைகள் கூடிவிடும். முதலில் என்னைப் பார்த்துப் பயந்தார்கள், ஊசி போடுகிறவன் என்று. பயம் போக ஒரு வழி கண்டுபிடித்தேன். சோதனை முடிந்ததும் சுற்றி நிற்கிற எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஐந்து வார்த்தைகளைக் கூட்டமாகச் சொல்லச் சொல்வேன். கத்தித் தீர்ப்பார்கள். ஒரு வருடத்தில் எனக்கு மலையில் ‘குடை மாமா’ என்று பெயர் வந்துவிட்டது. என் தலை தெரிந்தாலே ஒரு லைனிலிருந்து அடுத்த லைனுக்குக் கூவுவார்கள். பெருமையாக இருந்தது. டாக்டரிடம்கூடச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

இரண்டாம் அட்டையில் ‘சங்கு’ என்ற சொல்லில் பிள்ளைகள் தடுமாறினார்கள். மூன்றாம் அட்டை மழையில் ஊறிப் போயிற்று. முதல் அட்டை எனக்கு மனப்பாடம். வேலை சுளுவாக நடந்தது. மற்ற இரண்டும் பைக்குள்ளேயே கிடந்தன. படிவத்தில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி எழுதிவந்தேன். இப்படி ஐந்து வருடம்.

பவித்ராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா செல்வி ஏலக்காய் எடுக்கப் போகிறவர். பவித்ரா அவளுடைய பள்ளிக் கபடி அணியில் ரெய்டு போகிறவள். பள்ளிக்குப் போகும்போது ஜீப்பின் மேற்கம்பியில் தலை இடித்து, ஒரு நிமிடம் நினைவு தப்பியிருந்தது. டாக்டரின் விதிப்படி முதலில் பள்ளிக்கூடம், அப்புறம் நடை, ஓட்டம், தனிப் பயிற்சி, எல்லாம் தாண்டிய பிறகுதான் ஆட்டம். மற்றவற்றைத் தாண்டிவிட்டாள். கடைசிப் படி மட்டும் பாக்கி. சனிக்கிழமை சப் ஜில்லா போட்டி. நான் வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன்.

“மாமா, சீக்கிரம் கேளுங்க. நாளைக்கு நான்தான் முதல் ரெய்டு.”

“அத டாக்டரம்மா சொல்லோணும் கண்ணு. தலை வலிக்குதா?”

“இல்ல.”

“வெளிச்சம் கூசுதா?”

“இல்ல.”

“போர்டுல எழுத்து ஆடுதா?”

“அது எப்பவுமே ஆடும் மாமா. எங்க சார் கையெழுத்து அப்பிடி.”

“வாயி மட்டும் நல்லா வேலை செய்யுதுண்ணே” என்று சிரித்தார் செல்வி.

எண்களைத் தலைகீழாகச் சொல்வதில் மூன்று எண்ணுக்கு மேல் நின்றுவிட்டாள். கண்ணை மூடி நின்றபோது மூன்று தடவை காலை ஊன்றினாள். வாசல் சரிவு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஐந்து வார்த்தைகளும் நான் படித்ததைவிட வேகமாக வந்தன. கடைசியில் கேட்டபோதும் அப்படியே. மற்றதெல்லாம் முன்னே பின்னே இருக்கும், ஐந்து வார்த்தை பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

சிக்னல் கிடைக்கிற வளைவில் ஏறி நின்று டாக்டருக்குப் போன் செய்தேன்.

“எப்படிச் சொன்னா?” அவர் எப்போதும் முதலில் கேட்பது இது. எத்தனை சரி என்று கேட்க மாட்டார்.

“மணி அடிச்சாப்ல சொன்னாளுங்க.”

“எண்ணு?”

“மூணுல நின்னுபோச்சுங்க. கணக்குல முன்னாடியே மட்டமுங்க.”

“யார் சொன்னா?”

“அவங்கம்மாதானுங்க.”

அம்மா அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

“நாளைக் காலம்பற இன்னொரு தடவை பாருங்கோ. இன்னிக்கு எந்த அட்டை?”

“ரெண்டாவதுங்க.”

“அப்போ நாளைக்கு மூணாவது.”

“சரிங்க.”

மறுநாள் காலையிலும் அவளிடம் நான் கேட்டது குடை, ஆணி, மாடு, சட்டி, நிலா. ஐந்துக்கு ஐந்து. டாக்டரிடம் சொன்னேன். அனுமதி கொடுத்தார். சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பவித்ரா அதை வாங்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குறுக்குப் பாதையில் இறங்கினேன். அது வேறொருவர் தோட்டம். அங்கே அடிபட்ட குழந்தை என்று யாரும் கிடையாது, அந்த லைனில் நான் ஒருநாளும் நின்றதில்லை. வாசலில் இரண்டு சிறுமிகள் கயிறு சுற்ற, ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுகூட இருக்காது.

“குடை! ஆணி! மாடு! சட்டி! நிலா!”

நிலா என்றதும் வெளியே தாவினாள். அடுத்தவள் உள்ளே தாவினாள். மறுபடியும் குடை, ஆணி.

என் கால் நின்றுவிட்டது. “யாரு கண்ணு சொல்லித் தந்தா இத?”

“எல்லாருக்குந்தான் தெரியும்” என்றாள் கயிறு சுற்றியவள். பிறகு என்னை உற்றுப் பார்த்துவிட்டு மற்றவள் காதைக் கடித்தாள்: “ஏய், இவருதான்டி குடை மாமா!”

பள்ளி மைதானம் மேலே இருந்தது. ஜீப் கிடைக்கவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு ஏறி ஓடினேன். வாழ்க்கையில் எத்தனையோ மலை ஏறியிருக்கிறேன். அவ்வளவு நீளமான மலையைப் பார்த்ததில்லை. எத்தனை குழந்தைகள், எத்தனை சீட்டு, எத்தனை கையெழுத்து என்று தலைக்குள் அதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடியப் போகிற நேரம். பவித்ரா களத்தில் இல்லை. சில்வர் ஓக் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பி.டி. சார் ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார்.

“பிடிச்சப்போ கீழ விழுந்தா. ஒண்ணுமில்ல, களைப்புதான்” என்றார்.

நான் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். “பவித்ரா, கண்ணு, இங்க பாருங்க.”

பார்த்தாள். ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது.

“மாமா, மேட்ச் எப்ப?” என்று கேட்டாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: “குடை, ஆணி, மாடு, சட்டி, நிலா.” சொல்லிவிட்டு, “சரியா மாமா?” என்றாள்.

அதற்கப்புறம் பேசவில்லை.

ஜீப்பில் அவள் தலையை என் இரண்டு கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு மலை இறங்கினேன். செல்வி தோட்டத்திலிருந்து அப்படியே வந்து ஏறியிருந்தார், இடுப்பில் கட்டிய ஏலக்காய்ச் சாக்கோடு. கீழே ஆஸ்பத்திரியில் மண்டையோட்டைத் திறந்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துவிடுவாள், ஆனால் எப்படி இருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

வராந்தாவில் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, படிவத்தில் மாற்றி எழுதிய எண், போனில் அவர் பேரில் நான் சொன்ன பொய், கயிறு ஆடிய பிள்ளைகள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் ஒன்றும் புரியாதவர்போல என்னைப் பார்த்தார்.

“அந்தக் கயித்துப் பாட்டக் கட்டுனதே இவதானண்ணே. முன்னாடி இவ தம்பிக்கு அடிபட்டு நீங்க கேட்டப்ப பக்கத்துல நின்னா. மறுநாளே கயித்துல ஏத்திட்டா. நாலு தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்தா. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்? பிள்ளைகள எல்லாம் சேத்துச் சொல்ல வச்சது நீங்கதான?”

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். பவித்ராவைப் பார்த்துவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு மலையேறினார். ஒரு லைன் வாசலில் இறங்கினார். அடிபடாத, நல்ல நிலையில் இருக்கிற பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொன்னார். முதல் பிள்ளையிடம், “குடை” என்று மட்டும் சொன்னார். மீதி நான்கையும் வரிசை முழுக்கக் கத்தியது. அடுத்த லைனிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

டாக்டர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். “மலை முழுக்கவா, பழனிச்சாமி?”

“முழுக்கத்தானுங்க.”

“ரெண்டாவது, மூணாவது அட்டை கேட்டதா எழுதியிருக்கேளே, அந்தக் குழந்தைகள்?”

“அதுவும் இதேதானுங்க. கீழயும், மேலயும்.”

அவர் என்னைத் திட்டவில்லை. வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். “நான் ஒருநாள்கூட இங்க வந்து பார்க்கலையே” என்றார். அதை என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும், ஐந்து வருடப் படிவங்களை மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு போட்டு ஒதுக்கினார். யாரையும் தொட விடவில்லை. நடந்ததை மேலிடத்துக்கு எழுதி அனுப்பிய கடிதத்தில் தவறு செய்தவர் என்று இரண்டு பெயர்களை எழுதினார். அவருடையது முதலில் இருந்தது. நாங்கள் சீட்டுக் கொடுத்த ஒவ்வொரு குழந்தையையும் மறுபடி தேடிப் பார்க்கச் செய்தார். அதற்கு வேறு ஆட்களை அனுப்பினார்.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. உட்கார வைத்தார். ஒரு வருடம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ஒரே நாற்காலி. பத்து அட்டைக்கு வார்த்தை தேடுவதுதான் வேலை. வாழ்நாளில் நான் அவ்வளவு காலம் உட்கார்ந்ததில்லை. கால் துடிக்கும். எழுந்து போயிருக்கலாம், அதற்குமுன் எத்தனையோ வேலையிலிருந்து அப்படித்தான் போயிருக்கிறேன். போகவில்லை. மறுபடி வெளியே அனுப்பிய பிறகும், நான் போன் செய்தால் எத்தனை சரி, எந்த அட்டை என்று மட்டும்தான் கேட்பார். “எப்படிச் சொன்னா?” என்ற கேள்வி திரும்ப வர மூன்று வருடம் ஆயிற்று. அது வந்த அன்று நான் ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

பவித்ராவை வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பேன். பள்ளிக்கூடம் தொடர முடியவில்லை. வெயில் ஆகாது. ஸ்டோரில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். கண்ணும் கையும் போதும் அதற்கு. ஒவ்வொரு வருடமும் ஒரு புது அட்டை. முதலில் சொல்லும்போது நான்கு வரும். கடைசியில் கேட்கும்போது மூன்று, சில வருடம் இரண்டு. மற்றதைத் தேடுவாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் உதவி செய்யக் கூடாது என்பது விதி.

போன மாதம் கடைசியாகப் போனேன். ஏழாம் அட்டை. மூன்று வந்தது. படிவத்தை மடித்து எழுந்தேன்.

“மாமா, இனி வர மாட்டீங்களாமே?”

“ஆமாங் கண்ணு. இனி ஒரு அக்கா வருவாங்க.”

“அப்ப ஒரு தடவ பழசக் கேளுங்க. அதுல நான் ஃபுல் மார்க்கு.”

பதினொரு வருடமாக அந்த ஐந்தை நான் அவளிடம் கேட்டதில்லை. உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். நொடிக்கு ஒன்றாக, ராகம் போடாமல் படித்தேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஐந்தையும் சொன்னாள்.

“சரியா மாமா?”

நான் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது: “சொல்லுங்கண்ணே, காத்துக்கிட்டு இருக்கால்ல.”

“சரிங் கண்ணு” என்றேன்.

ஆதிரா, அவள் பெயர் உன் பட்டியலில் இருக்கிறது. டேப்லெட் எந்த அட்டையைத் தருகிறதோ அதைக் கேள், வந்ததை அப்படியே பதிந்துகொள். எல்லாம் முடிந்த பிறகு பழசைக் கேட்கச் சொல்லுவாள். கேள். சரி என்று சொல். ஆனால் அதை எங்கேயும் எழுதிவிடாதே.